பசிக்கல என்று சொன்ன மூன்று மாதம்

அரிசி ஆலையில் வேலை பார்ப்பவர்களிடம் சோற்றைக் குறையுங்கள் என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். திருவாரூர்ப் பக்கம் நான் கணக்கு எழுதிய ஆலையின் சின்ன முதலாளிக்கு அது இருந்தது. சிங்கப்பூரில் படித்துவிட்டு வந்தவர். ஆபீஸில் இருந்த பதினோரு பேருக்கும் எடை குறைக்கும் போட்டி வைத்தார். மூன்று மாதம். அதிகம் குறைப்பவருக்கு ஒரு மூட்டை பொன்னி அரிசி பரிசு. ஐம்பத்திரண்டு வயதில் இதெல்லாம் வேறா என்று எனக்கு அலுப்பாக இருந்தது.

திங்கள்கிழமைதோறும் நெல் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நிற்க வேண்டும். "சாக்கு எடை கழிச்சுக்குங்க சார்" என்று என் வேட்டியைக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆபீஸ் வாசலில் மாட்டிய பலகையில் தொண்ணூற்றொரு கிலோ என்று எழுதியதும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். மனைவி எங்கள் மகளின் பிரசவத்துக்காகத் திருப்பூர் போயிருந்தாள்; வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சோறு திங்காம இருக்கிறதுக்கு எவனாச்சும் பரிசு குடுப்பானா?"

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. பண்ணையில் நடவும் களையெடுப்புமாக உழைத்தவர். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் செய்த காலத்தில் வாரக்கணக்கில் எங்கள் தெருவில் அடுப்பு எரியவில்லை என்பார். பிறகு ஆட்சி மாறியது, குடியிருந்த மனைக்குப் பட்டா வந்தது, நான் படித்தேன், என் வயிறு முன்னால் வந்தது. எங்கள் வம்சத்தில் முதல் தொப்பை அதுதான். "எம்புள்ள பூசினாப்புல இருக்கான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் ஒருவரைப் பார்த்து இளைச்சுட்டியே என்று கேட்டால், வீட்டில் என்ன கஷ்டம் என்று கேட்பதாக அர்த்தம்.

நல்லது நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். காலையில் வாய்க்கால் கரையில் நடந்தேன். மாடிப்படி ஏறினால் இரைக்கவில்லை. சர்க்கரை குறைந்திருக்கிறது என்று டாக்டரே சொன்னார். வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர் சேர்ந்து நடக்க ஆரம்பித்தார்கள். தனியாக இருந்தால் நான் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடித்திருக்கமாட்டேன்.

ஆனால் அந்தப் பலகையை என்னால் மன்னிக்க முடியவில்லை. எடை கூடியவர் பெயரைச் சிவப்பில் எழுதினார்கள். பில் போடும் பெண்ணுக்குத் தைராய்டு. என்ன செய்தாலும் குறையாது. ஒவ்வொரு வாரமும் சிவப்பு. லாரி டிரைவர்கள்கூட வாசித்துவிட்டுப் போனார்கள். "திங்கக்கெழமைன்னாலே லீவு போட்டுடலாம்போல இருக்கு சார்" என்றார் அந்தப் பெண். அழிக்கச் சொல்லி நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். என் பெயர் மேலே இருந்தது, பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்துவிட்டு மறுநாள் தராசில் ஏறியவர்களில் நானும் ஒருவன்.

வீட்டில் அம்மாவோடு வாதாடத் தெம்பில்லை. தட்டை வைத்தால் "பசிக்கலம்மா" என்று சொல்லி இரண்டு கவளத்தோடு எழுந்துவிடுவேன். முதல் வாரம் சண்டை போட்டார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. பழகிவிட்டார் என்று நினைத்தேன். "நீ தின்னியாம்மா?" என்று கேட்டால், "நா அப்பறம் தின்னுக்கறேன்" என்பார். அவர் ரவிக்கை தோளில் தொளதொளத்தது கண்ணில் படத்தான் செய்தது. வயசு என்று விட்டுவிட்டேன்.

கடைசித் திங்களன்று எண்பத்திரண்டு. நான்தான் முதல். மூட்டையைப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. அம்மா குழாயடியில் மயங்கி விழுந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது. "முப்பத்தஞ்சு கிலோதான் இருக்காங்க. வீட்ல சாப்பாடு குடுக்குறீங்களா இல்லையா?" என் எடையைக் கிராம் சுத்தமாகச் சொல்லத் தெரிந்த எனக்கு, அம்மா எப்போது இப்படி ஆனார் என்று சொல்லத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

குளுக்கோஸ் பாதி இறங்கியபின் அம்மா கண் விழித்தார். என்னைக் குனியச் சொல்லி, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"அரிசிய மிச்சம்புடிச்சு டிரம்முல போட்டு வச்சிருக்கேன். ஒனக்கு ரெண்டு மாசத்துக்கு வரும். பயப்படாத."

"எதுக்கும்மா?"

"மில்லுல ஸ்ட்ரைக்குதான? எங்கிட்ட ஏம்ப்பா மறைக்கிற?"

"அய்யோ, அதெல்லாம் இல்லம்மா. போட்டின்னு சொன்னேனே."

அம்மா நம்பவில்லை. என் கன்னத்தைத் தடவினார். அது ஒட்டிப் போயிருந்தது.

"ஒங்கப்பாவும் இப்படித்தான். ஸ்ட்ரைக்கு நேரத்துல ஒருநாளும் சோறு இல்லன்னு சொல்லமாட்டாரு. பசிக்கல, பசிக்கலன்னுதான் சொல்லுவாரு."

நர்ஸ் கொடுத்த கஞ்சியை ஸ்பூனில் எடுத்து நீட்டினேன். அம்மா உதட்டை இறுக மூடிக்கொண்டு, நீ குடி என்று கையைக் காட்டினார்.

"முடிஞ்சிடுச்சும்மா" என்றேன். "இன்னிக்குத்தான் முடிஞ்சுது. ஜெயிச்சுட்டோம்."

"கேட்டதக் குடுத்துட்டானா?"

"குடுத்துட்டான்."

அதன்பிறகுதான் அம்மா வாயைத் திறந்தார்.