தங்கை போட்ட விடுதலைப் பத்திரம்

காரைக்குடியில் வக்கீல் தொழில் பார்த்துக்கொண்டே, எங்கள் சங்கத்து மாத இதழில் புதுத் தீர்ப்புகளுக்கு விளக்கம் எழுதி வருகிறேன். வாசிப்பவர்கள் குறைவு. அவர்களிலும் பாதிப்பேர் தலைப்போடு நின்றுவிடுவார்கள். பத்திரமோ தீர்ப்போ, முழுசாக வாசிக்காதவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பாலேயே சம பங்கு உண்டு, திருத்தச் சட்டம் வந்த அன்று தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்ற தீர்ப்பு வந்தபோது மூன்று பக்கம் எழுதினேன். முடிவில், 'நியாயம் தாமதமாக வந்தாலும் சரியான வீட்டுக்கு வந்திருக்கிறது' என்று ஒரு வரி. அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அந்த இதழைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வலையபட்டியிலிருந்து ஒரு அம்மா வந்தார். தகப்பனார் இறந்ததும், சொத்தில் பங்கு வேண்டாம் என்று அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"வாசிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டீகளா?"

"அண்ணன் கூப்பிட்டாக, போட்டேன். அன்னைக்கு ஒரு பட்டுச்சேலையும் எடுத்துக் குடுத்தாக."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பத்திர ஆபீஸுக்கு வரும் தங்கைக்கு ஒரு சேலை எடுத்துவிட்டால் அண்ணன்மாருக்கு மனசு அடங்கிவிடும்.

"நீங்களா போட்ட கையெழுத்த இந்தத் தீர்ப்பு அழிக்காதும்மா. ஏமாத்தி வாங்குனாகன்னு நிரூபிக்கணும். லேசுப்பட்ட காரியமில்ல."

அவர் இதழை மேசைமேல் வைத்தார். "அப்ப இத யாருக்கு சார் எழுதுனீக?"

கல்லலில் எங்கள் பூர்வீக வீடு என் பேரில் பூட்டிக் கிடக்கிறது. என் ஒரே தங்கை கண்டரமாணிக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறாள். பத்து வருஷத்துக்கு முன்னால் அவளிடம் விடுதலைப் பத்திரம் வாங்கியவன் நான். சேலை மாம்பழ நிறம். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது நான்தான். வெட்கமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்துத்தான் தங்கை வீட்டுக்குப் போனேன். வெட்கம் வந்தாலும் வீட்டின் மேல் ஆசை உடனே போய்விடுவதில்லை. பாதி வீட்டை அவள் பேருக்கு எழுதித் தயாரித்த பத்திரத்தைக் கையில் கொண்டுபோயிருந்தேன். தங்கை கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"எங்க கையெழுத்துப் போடணும்ண்ணே?"

"மொதல்ல வாசி. போன தடவ மாதிரி வாசிக்காமப் போடாத."

"போன தடவயும் வாசிச்சேனே. நீங்க பத்திர ஆபீஸ் வராந்தாவுல எழுத்தர்கிட்டப் பேசிக்கிட்டிருந்தீக. நாலு பக்கத்தையும் வாசிச்சு முடிச்சுட்டுத்தான் உக்காந்திருந்தேன்."

அவளுக்கு விஷயம் தெரியாது என்றுதான் இத்தனை வருஷமும் நான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் எனக்கு ஒரு சௌகரியமும் இருந்திருக்கிறது.

"தெரிஞ்சுமா போட்டே?"

"இதுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு வார்த்த சொல்லுவீகன்னு பாத்தேன். உள்ள வந்ததும் பேனாவ நீட்டுனீக."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். கடைசிப் பக்கம் முடியும்வரை நான் பேனாவைப் பையிலிருந்து எடுக்கவில்லை.