‘எடு’ என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை கடலை?

1957-ஆம் வருடம், ஆனி மாதம். அரிமளத்துக்குப் பக்கத்தில் எங்கள் சின்ன ஊர். புதுக்கோட்டை அப்போது தனி ஜில்லா ஆகவில்லை, திருச்சியோடு இருந்தது. ஆடி விதைப்புக்காக வீட்டுக்கு வீடு விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்த நேரம். நானோ இங்கிலீஷில் இரண்டு தடவை கோட் அடித்துவிட்டு, மூன்றாவது தடவைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு டீச்சர் ஆக வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. தேறினால்தான் டிரெயினிங்கில் இடம். மற்றப் பாடங்களில் எனக்குப் பயமே கிடையாது. இந்தப் பாழாய்ப்போன இங்கிலீஷ்தான் இரண்டு முறையும் காலை வாரிவிட்டது. கல்யாணம் ஆகி வந்த பிறகும் என்னைப் படிக்க விட்டது என் மாமியார்தான், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அவருக்கும் ஊர் வாய்க்குப் பதில் சொல்லி அலுத்துப்போயிற்று.

“இந்தா பாருத்தா, புரட்டாசிப் பரிச்சைதான் கடைசி. இதுலயும் போச்சுன்னா பொஸ்தகத்தப் பரண்ல போட்டுட்டு வயலுக்கு வந்துரணும்” என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் அம்மா பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவர்.

நான் படித்த லட்சணத்தையும் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். கூலிக்குக் கடலை உடைப்பவர்கள் படிக்கு ஒரு கடலை ஓரமாக எடுத்து வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். நானும் அதே மாதிரி, ஒரு இங்கிலீஷ் சொல் மனப்பாடம் ஆனால் ஒரு கடலையைக் கலயத்தில் போடுவேன். ஒரு சொல், அதற்கு ஒரு தமிழ் அர்த்தம், ஒரு கடலை. ஒரு முழம் நீளத்துக்கு இருக்கும் சொற்களாகப் பொறுக்கிப் பொறுக்கிப் படித்தேன். ‘டேக்’, ‘ரன்’, ‘புட்’ போன்ற பொடிசுகள் எல்லாம் எனக்குத் தூசு, பேருக்கு ஒவ்வொரு கடலை போட்டதோடு சரி. அதெல்லாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாதா என்ற மிதப்பு. கலயம் நிரம்பி வழிந்தது. மார்க் மட்டும் வரவில்லை.

அன்று எங்கள் வீட்டு முற்றத்தில் ஏழு பெண்கள் உட்கார்ந்து கடலை உடைத்தார்கள். ஈரம் காட்டிய காயைத் தரையில் தட்டி, தோல் கிழியாமல் பருப்பை எடுக்க வேண்டும். நானும் ஒரு ஓரத்தில் உடைத்துக்கொண்டே, கலயத்தில் போட்ட சொற்களை முதலிலிருந்து முணுமுணுத்தேன். அவர்களில் வாய்த்துடுக்கான அக்கா ஒருவர், என்ன சொல் அது என்று கேட்டார். ‘டேக்’ என்றால் ‘எடு’ என்றேன், பெரிய பண்டிதை மாதிரி.

“எடுன்னா எந்த எடு? களை எடுக்குறதா, பேன் எடுக்குறதா?” என்றார் அவர்.

“இதென்னக்கா கேள்வி, எல்லாம் ஒரே எடுதான்” என்றேன்.

“அதெப்புடி ஒண்ணாகும்? களையப் புடுங்கித்தான எடுக்கணும்? பசி எடுக்குதே, அதப் புடுங்கவா முடியும்?”

அவ்வளவுதான், ஏழு பேரும் பிடித்துக்கொண்டார்கள். பாம்பு படம் எடுக்கும். தலைக்கு வகிடு எடுக்கணும். கல்யாணத்துக்குச் சேலை எடுக்கணும். பிள்ளையைத் தத்து எடுப்பார்கள். அம்மனுக்கு முளைப்பாரி எடுக்கணும். கோழி களவாண்டவன் ஓட்டம் எடுப்பான். ஒவ்வொன்றுக்கும் ஒரு கடலை வைத்தார்கள், விட்டுக்கொடுக்காமல் சண்டை போட்டு வைத்தார்கள். “மாமியா உசுர எடுக்குறதச் சேத்தாச்சா?” என்று ஒருத்தி கேட்க, எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். என் மாமியார் புடைத்துக்கொண்டிருந்த முறத்தை நிறுத்திவிட்டு, “அதையும் வையிடி, நான் இல்லேன்னா சொன்னேன்?” என்று தானே ஒரு கடலையை எடுத்து வைத்தார்.

குவியல் நாற்பதைத் தாண்டியது. எனக்குச் சிரிப்பு நின்றுபோய்விட்டது. நம்ம ‘எடு’வுக்கே இத்தனை என்றால் ‘டேக்’குக்கும் எத்தனை இருக்கும்! அடிப்பாவி, ‘டேக்’குக்கு ஒரே ஒரு கடலையைப் போட்டுவிட்டு இத்தனை நாள் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாயே என்று என் தலையிலேயே குட்டிக்கொண்டேன். இந்தப் பெண்களில் ஒருவர்கூட அர்த்தம் என்று தனியாக எதையும் படிக்கவில்லை. களையோடு, பேனோடு, பசியோடு சேர்த்துத்தான் அந்தச் சொல்லை வைத்திருக்கிறார்கள். அதனால்தான் ஒன்றுகூடத் தவறவில்லை.

அன்று மத்தியானமே எங்கள் ஊர்ச் செட்டியார் வீட்டுக்கு ஓடி, அவர்கள் ரங்கூனிலிருந்து கொண்டுவந்த பெரிய டிக்ஷனரியைக் கேட்டு வாங்கி வந்தேன். ‘ரன்’ என்று பார்த்தால் பக்கம் பக்கமாகப் போகிறது! ஆறு பாய்வதும் அதுதான், மூக்கு ஒழுகுவதும் அதுதான், கடை நடத்துவதும் அதுதான். நீளமான சொற்களைப் பார்த்தேன், ஒன்றிரண்டு வரியோடு சரி. வேலை எல்லாவற்றையும் இந்தப் பொடிசுகள்தான் செய்துகொண்டிருந்தன.

மறுநாளிலிருந்து தினம் ஒரு குட்டிச் சொல். தனியாக அல்ல, முழு வாக்கியமாகச் சொல்லி, தமிழிலும் சொல்லி, அதற்கு ஒரு கடலை வைக்க வேண்டும். நேற்றைவிடக் குவியல் சின்னதாக இருந்தால் அக்கா எழுந்திருக்க விடமாட்டார். “‘ரன்’னுக்கு அம்புட்டு வந்துச்சு, ‘புட்’டுக்கு இம்புட்டுத்தானா? பொரட்டு, நல்லாப் பொரட்டு” என்பார். என் பங்குக் கடலையை அந்த ஏழு பேரும் மாற்றி மாற்றி உடைத்து என் படியை நிரப்பினார்கள். என் மாமியார் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

விதைப்பு முடிந்து புரட்டாசி வந்தது. புதுக்கோட்டையில் பரீட்சை. கேள்வித்தாளை விரித்தேன். முன்பெல்லாம் இடறிவிட்ட வரிகளில் எல்லாம் எங்கள் முற்றத்தில் உருண்ட சொற்களே இருந்தன. திருவிழா பற்றிக் கட்டுரை கேட்டிருந்தார்கள். நோட்ஸில் உருப்போட்ட கட்டுரையைத் தொடவே இல்லை. எங்கள் ஊரில் பெண்கள் முளைப்பாரி கொண்டுபோவதை, என் சுண்டுவிரல் நீளத்துக்கு மேல் போகாத சொற்களாலேயே எழுதினேன். மணி அடித்துத் தாளைப் பிடுங்கும்வரை எழுதினேன்.

முடிவு வந்த அன்று மாமியாரும் என்னோடு பஸ் ஏறினார். பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா மார்க்கைப் படித்தார். இங்கிலீஷில் பாஸ். சும்மா தொட்டுக்கொண்டு போகும் பாஸ் இல்லை, நல்ல மார்க்! நான் அங்கேயே ஓவென்று அழுதுவிட்டேன். மாமியார் அழவில்லை. வீடு திரும்பியதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊருணிக்குப் போனார். வீட்டில் இரண்டு குடம் நிறையத் தண்ணீர் இருந்தது, அது வேறு விஷயம். “எம் மருமக இங்கிலீசுல பாசு! இனிமே எவளாச்சும் வாயத் தொறங்கடி பாப்போம்!” என்று கரையில் நின்று அவர் போட்ட சத்தம் எங்கள் தெருவரைக்கும் கேட்டது.

டிரெயினிங் முடித்தேன், டீச்சர் ஆனேன், ரிட்டயரும் ஆகிவிட்டேன். டிரெயினிங்குக்குக் கிளம்பிய அன்று அந்த ஏழு பேரிடமும் போய், உங்களால்தான் தேறினேன் என்றேன். “போத்தா, கைநாட்டுக்கு என்ன தெரியும்” என்று அக்கா வெட்கத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து இன்றுவரை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று யார் என்னிடம் சொன்னாலும் நான் நம்புவதே இல்லை.