சென்னீர்குப்பத்தில் இறங்கிய எட்டு இருக்கை ஜெட்

போன சனிக்கிழமை காலை 9.40-க்கு அயனம்பாக்கம் ஃபிளாட்டை விட்டுக் கிளம்பினேன், விமானம் பார்க்க. மீனம்பாக்கத்துக்கு இல்லை, சென்னீர்குப்பத்தில் இருக்கும் பழைய இரும்பு யார்டுக்கு. "லீவு நாள்ல ஓட்டை ப்ளேனைப் பார்த்து என்ன செய்யப் போறிய?" என்றாள் மனைவி. காரணம் அவளுக்கும் தெரியும், சும்மா கேட்டுவைத்தாள்.

இந்த பிளாகுக்கு வந்து படிக்கிற விமானப் பைத்தியங்களுக்கு அது நடுத்தர அளவு பிசினஸ் ஜெட். எனக்கு அது அண்ணன் செத்துப்போன இடம். அஸ்ஸாமில் வேலை பார்த்தவனை, ஈரல் கெட்டுப்போய், ஆம்புலன்ஸாக மாற்றிய அந்த ஜெட்டில்தான் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். கீழே ஏர்போர்ட்டில் ஸ்ட்ரெச்சரோடு நான் நின்றேன். தரை தொட இருபது நிமிஷம் இருக்கும்போது போய்விட்டான். "வழியெல்லாம் 'வந்துட்டோமா, வந்துட்டோமா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார்" என்றாள் கூட வந்த நர்ஸ். அந்தக் கேள்வி ஏழு வருஷமாக என்னைத் தூங்கவிடவில்லை. சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு ஜெட்டை அறுக்கப்போகிறார்கள் என்று விமான ரசிகர் குழுவில் படித்தேன். அதற்கு முன்னால் ஒரே ஒருமுறை அவன் படுத்திருந்த இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

வேலப்பன்சாவடி வரை ஆட்டோ 120 ரூபாய். பேரம் பேசத் தெரிந்தவர்கள் நூறில் முடிப்பார்கள், எனக்கு வராது. அங்கிருந்து பெங்களூர் ஹைவேயில் ஷேர் ஆட்டோ, சுமார் மூன்று கிலோமீட்டர், 15 ரூபாய். 10.35-க்கு யார்டு வாசலில் இருந்தேன்.

ஜெட்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் பிறந்தது. எட்டுத் தோல் இருக்கை, வால் பக்கம் இரண்டு எஞ்சின். முதலில் ஏதோ கம்பெனி முதலாளிக்கு ஓடியது. பிறகு வட இந்தியத் தொழிலதிபர் ஒருவர் வாங்கினார். அப்புறம் வாடகை வண்டி. கைமாறி நாடு மாறியபோது உடம்பில் எழுதியிருக்கும் பதிவு எழுத்துகளும் மாறின, கல்யாணமான பெண்ணுக்கு இனிஷியல் மாறுகிற மாதிரி. கதவோரத் தகட்டில் இருக்கும் தொழிற்சாலை எண் மட்டும் மாறவே இல்லை. கடைசியில் இடதுபக்க இருக்கைகளைக் கழற்றி ஸ்ட்ரெச்சர் பொருத்தினார்கள். வைத்திருந்த நிறுவனம் மூடிப்போனதும் எஞ்சின்களைத் தனியாக விற்றார்கள். வருஷக்கணக்கில் ஓரமாகக் கிடந்ததை ஏலத்தில் எடுத்து, இறக்கையை வெட்டி, டிரெய்லரில் இங்கே இறக்கினார்கள். அதை ஹைவே ஓரத்தில் ஓட்டலாக்கலாம் என்று போட்ட திட்டமும் படுத்துவிட்டது.

மேஸ்திரி தேவராஜ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், செல்ஃபியா? பத்து நிமிசம்தான். பூஜை போட்டு கை வெக்கணும்."

"என் அண்ணன் இதுலதான் இறந்தார்" என்றேன்.

பாடிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்தார். "அத்த மொதல்லயே சொல்லக்கூடாதா நைனா? போ, உள்ள போய் குந்து."

கதவோடு ஒட்டிய மடக்குப் படி. கீழே தரையோரம் இருந்த கடைசிப் படி ஆடிப்போய், மிதித்ததும் கிறீச்சென்றது. உள்ளே போனதும் ஹைவே இரைச்சல் நின்றுவிட்டது, யாரோ அணைத்த மாதிரி. அத்தனை வருஷம் கழித்தும் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாடை. ஸ்ட்ரெச்சர் இருந்த இடத்தில் நான்கு துளைகள் மட்டும். தரையில் உட்கார்ந்தேன். வெயில் கண்ணைக் குத்தியதால் பக்கத்து ஜன்னல் திரையை இறக்கினேன். அழ வேண்டும் என்றுதான் போனேன், அழுகை வரவில்லை. கையெல்லாம் சில்லிட்டிருந்தது, சித்திரை வெயிலில்! எழுந்தபோது பார்த்தேன், திரை மேலே ஏறியிருந்தது. பழசு, ஸ்பிரிங் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிவிட்டேன். வெளியே வெயிலில் வெள்ளைப் பெயிண்டுக்கு அடியிலிருந்து பழைய எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

பன்னிரண்டுக்குக் கற்பூரம் ஏற்றினார்கள். அந்த யார்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் செத்த வண்டி எதுவானாலும், அறுக்கும் முன் மூன்று முறை தட்டி, உள்ளே இருப்பவரை இறங்கச் சொல்வார்கள். தேவராஜ் தட்டினார். "உள்ள யார்னா கீறீங்களா? எறங்கிக்கோங்க!" சத்தமே இல்லை. என் பக்கம் திரும்பினார். "உன் ஆளு, நீ கூப்டு. எங்க கொரலு அவுருக்கு இன்னா தெரியும்?"

நாலு பேர் பார்க்கிறார்கள், வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாய் திறந்தது. "அண்ணே, வந்துட்டோம். மெட்ராஸ் வந்தாச்சு. எறங்குண்ணே."

காற்றே இல்லை. படியில் யாரும் இல்லை. கடைசிப் படி கிறீச்சென்று அமுங்கி எழுந்தது.

இரும்பு வெயிலில் விரியும், சத்தம் போடும். நானும் படித்தவன்தான். தேவராஜுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. கும்பிட்டுவிட்டு, "எறங்கிட்டாரு. ஆரம்பிங்கடா" என்றார்.

இனி அங்கே போனாலும் அந்த ஜெட் கிடைக்காது. வேறு ஏதாவது தேடிப் போகிறவர்கள் பதினொன்றுக்கு முன் போங்கள், தடித்த ஷூ போடுங்கள், மேஸ்திரியிடம் கேட்காமல் எதிலும் ஏறாதீர்கள். ரோட்டைத் தாண்டினால் திரும்பிவர ஷேர் ஆட்டோ கிடைக்கும்.

எனக்குக் கிடைத்த ஆட்டோ காலியாக இருந்தது. பின் சீட்டில் ஏறிப் பதினைந்து ரூபாயை நீட்டினேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "ரெண்டு பேருக்கு முப்பது அண்ணாத்தே."

முப்பதாகவே கொடுத்துவிட்டு, ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.