பாதி பிதுக்கிய ட்யூப்

போன செவ்வாய்க்கிழமை புதுவயலிலிருந்து செல்வி வந்தாள். ரைஸ் மில்லில் வேலை பார்ப்பவள். கையில் ரேஷன் கார்டும் இறப்புச் சான்றிதழும்.

"அய்யா, பாப்பா பேரை எடுக்கணுமாம். கடையில சொல்லிட்டாக."

பாப்பா என்றால் அவள் மகள் தர்ஷினி. ஏழு வயது. ரத்தப் புற்றுநோய்.

தாலுகா ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டியவன் நான். யாருக்கு எந்தச் சான்றிதழ் வேண்டுமென்றாலும் செக்காலையில் என் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நிற்கும். தர்ஷினியின் மதுரை வைத்தியத்துக்கு வருமானச் சான்றிதழ், காப்பீட்டு அட்டை, மூன்று செட் ஜெராக்ஸ்... எல்லாம் என் ஏற்பாடுதான். செல்விக்கு ஒரு பாடமும் நடத்தினேன்.

"ஆபீஸோ ஆஸ்பத்திரியோ, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கூடப் பேசினா இன்னொரு பேப்பர் கேப்பாக."

என்ன ஒரு ஞானம்!

இரண்டு மாதத்துக்கு முன் தர்ஷினியையும் கூட்டி வந்திருந்தாள். தலையில் முடி இல்லை; வாய் மட்டும் குறையவில்லை. முழங்கை மடிப்பில், ஊசிக்குப் பிளாஸ்டர் ஒட்டிய இடத்தில், வட்டமாய்ச் சிவந்திருந்தது.

"தாத்தா, ஆபீஸ் சீல் மாதிரியே இருக்கு பாருங்க. நீங்கதான் குத்துனீகளா?"

"ரிட்டையர் ஆனவன் குத்தினா செல்லாது பாப்பா."

சிரித்தோம்.

"மதுரைக்குப் போய்க் காட்டவாய்யா?" என்றாள் செல்வி.

"ஒரு தோல் படைக்கு மதுரையா? அடுத்த வாரம் எப்படியும் ஊசிக்குப் போகணும்ல?"

டிராயரைத் திறந்து ஒரு ட்யூப்பைக் கொடுத்தேன். மெடிக்கல் ஷாப்பில் நானே கேட்டு வாங்கியது. என் தொடை இடுக்கு அரிப்புக்குப் பாதி பிதுக்கியது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும்தானே? கையெழுத்தில்லாத மனுவை வாழ்நாளில் வாங்காதவன், சீட்டில்லாத மருந்தைத் தூக்கிக் கொடுத்தேன்.

இரண்டே நாளில் சிவப்பு மறைந்தது. ஃபோனில் நன்றி வேறு. பிறகு காய்ச்சல். பிறகு, மதுரை ஆஸ்பத்திரிக் கட்டில்.

பார்க்கப் போனேன். டாக்டரம்மா என்னிடமும் கேட்டார் — "தோல்ல ஏதாவது தடவினீங்களா சார்?"

சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த க்ரீமில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதாம். சிவப்பை மறைக்கும், அடியில் பூஞ்சை தன் பாட்டுக்கு வளரும். உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கிற எனக்கு அது வெறும் அரிப்பு. கீமோவில் அதை இழந்திருந்த குழந்தைக்கு ரத்தம் வரை இறங்கிவிட்டது.

"க்ரீமாலதானா டாக்டர்?"

"அப்படி உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அந்த வட்டத்தை நாங்க பாத்திருக்கணும். க்ரீமைப் பத்தியாவது முதல் நாளே தெரிஞ்சிருக்கணும்."

வராந்தாவில் செல்வியிடம் கத்தினேன். "ஏம்மா சொல்லல?"

"பாப்பா என்ன மருந்து சாப்பிடுதுன்னுதான்யா கேட்டாக. தடவுறதைக் கேக்கலயே... கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னீகல்ல?"

குற்றச்சாட்டு இல்லை அதில். கேட்டதற்குப் பதில்... அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பன்னிரண்டாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

பெயர் நீக்கம் பத்து நிமிட வேலை. இன்றைய ஃபைலை நாளைக்கு வைக்காதவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. செவ்வாய்க்கிழமை பேனாவைத் திறந்தேன்... மூடினேன்.

"அவசரமில்லம்மா. பிறகு பாத்துக்கலாம்."

செல்வி கார்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "நெசமாவாய்யா? அதுவரைக்கும் பாப்பா பேரு இதுல இருக்கலாமா?"

விதிப்படி கூடாது.

"இருக்கட்டும்" என்றேன்.