இரண்டாவது வரி அம்மாவுடையது

அம்மா சத்தமாகப் பேசிய இடம் ஒன்றுதான்: தேவாலயம். மற்ற இடங்களில் அவள் வாயில் விரல் வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவள்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. இயந்திர இரைச்சலில் பேசினாலும் கேட்காது, யாரும் பேசுவதில்லை. வீட்டில் அப்பா இருந்தவரை அவர் பேசினார். அவர் சுவரில் படமான பிறகும் அம்மா குரலை உயர்த்தவில்லை.

வேலைக்குப் போகும் முன் விடியற்காலைப் பூசைக்குப் போவாள். கூட்டம் கொஞ்சம், அதிலும் பாதிப் பேர் அரைத்தூக்கத்தில் இருப்பார்கள். சாமியார் கைகளை விரித்து, "சமாதானம் உங்களோடு இருப்பதாக" என்பார். "உம்மோடும் இருப்பதாக" என்று இடப்பக்கத் தூணருகிலிருந்து அம்மா தொடங்குவாள். மற்றவர்கள் அவள் குரலைப் பிடித்துக்கொண்டு முணுமுணுப்பார்கள். அவள் தொடங்காமல் ஒருவரும் வாய் திறந்ததில்லை.

"சாமியார் மூச்சு விடுறதுக்குள்ள நீ பதில் சொல்லிடுறக்கா. என்ன அவசரம், பஸ்ஸா போயிடும்?" என்று சித்தி சீண்டுவாள்.

"பஸ்ஸுந்தான் போயிடும்," என்பாள் அம்மா.

சாமியார் ஒருமுறை என்னிடம், "உங்கம்மா இல்லேன்னா நான் சுவத்துக்குத்தான் பூசை வைக்கணும் தம்பி" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அம்மா வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவருடைய வெள்ளை அங்கியை வீட்டுக்குக் கொண்டுவந்து தேய்ப்பாள். அங்கியின் கையில் மடிப்பு கத்தி போல நிற்க வேண்டும். என் சட்டைக்கு அந்தக் கவனிப்பு கிடைத்ததில்லை.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எனக்கு நம்பிக்கையெல்லாம் கிடையாது. பட்டனை அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும். அம்மாவின் பதிலை அப்படித்தான் புரிந்துவைத்திருந்தேன்.

அம்மாவுக்கு ஈரலில் கட்டி என்றார்கள் டாக்டர்கள். வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சாமியாரை ஒரு தடவை வரச் சொல்லுடா. வந்து சமாதானம் சொன்னாப் போதும். பதில் சொல்லிட்டு நான் பாட்டுக்குப் போயிடுறேன்."

போன் செய்தேன். நகரத்தில் சமாதான மாநாடு நடக்கவிருந்தது. எல்லா மதத்தாரையும் ஒரே மேடையில் ஏற்றும் பொறுப்பு அவருடையது.

"வேலை கழுத்து வரைக்கும் கெடக்கு தம்பி. முடிஞ்ச கையோட வர்றேன். அம்மாவுக்கு என் ஜெபம் எப்பவும் உண்டுன்னு சொல்லு."

மறுபடி அழைத்தபோது அவர் மேடையில் இருப்பதாகச் சொன்னார்கள். சித்தி நேரில் போய், புறா படம் போட்ட நோட்டீஸோடு திரும்பி வந்தாள்.

"ஆளை அனுப்புங்கன்னு கேட்டேன். இதைக் கையில குடுத்தாங்க," என்று அதைக் கட்டிலின்மேல் போட்டாள்.

அன்று மாலை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். வரி எனக்குத் தெரியும். கைகளை விரித்துக்கொண்டே சொன்னேன்.

"சமாதானம் உங்களோடு இருப்பதாக."

அம்மா என்னைப் பார்த்தாள். உதடு லேசாக இழுபட்டது, சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

"நீ சொன்னா செல்லாதுடா. நீ லிஃப்ட்காரன்."

"அவர் வர்ற மாதிரி தெரியலம்மா."

"வருவார். பாவம், அவருக்கு ஆயிரம் ஜோலி."

பதிலை அவருக்கென்று எடுத்துவைத்திருந்தாள். எனக்குத் தரவில்லை. மறுநாள் பேச்சு நின்றது. அதற்கடுத்த நாள் மூச்சு நின்றது.

அடக்கப் பூசைக்கு அவர் வந்தார். தேவாலயம் நிறைந்திருந்தது; சலவைக்கூடத்துப் பெண்கள் வேலை உடுப்போடு வந்திருந்தார்கள். பெட்டிக்கு முன்னால் நின்று, அம்மா சமாதானத்தின் மகள் என்று நன்றாகவே பேசினார். பிறகு கைகளை விரித்தார்.

"சமாதானம் உங்களோடு இருப்பதாக."

ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் தொடங்குகிற குரலுக்காகக் காத்திருந்தார்கள். அவர் தூணைப் பார்த்தார். பிறகு அவருக்கும் உறைத்திருக்க வேண்டும், முகம் மாறியது. மறுபடி சொன்னார்.

"சொல்லித் தொலைடா. ஊரே பாக்குது," என்று சித்தி என் விலாவில் இடித்தாள்.

வாயை இறுக மூடிக்கொண்டேன்.

"உம்மோடும் இருப்பதாக," என்று அவரே மைக்கில் மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். மகன் சொன்னால் செல்லாதாம். தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் செல்கிறது.

கடைசியில் இறங்கி என்னிடம் வந்து கைகளை நீட்டினார்.

"சமாதானம் தம்பி."

"அம்மா கேட்டாங்க ஃபாதர். நான் கேக்கல."

"மாநாடு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். நீட்டிய கைகளை மடக்கவில்லை. நான் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கி, அம்மா படுக்கையில் விழும் முன் தேய்த்துக் கொடுத்தது. கைமடிப்பு இன்னும் கலையவில்லை.