வேலாமணி அக்கா வந்து உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமைகள்

வேலாமணி அக்காவின் பணி நிறைவு விழாவில் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மாட்டாஸ்பத்திரி வாசலில் பந்தல் போட்டு மைக் வைத்திருந்தார்கள். என் முறை வந்தபோது நான் பந்தலுக்குப் பின்னால் டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை பெயர் சொல்லி அழைத்தார்கள். நான் போகவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

மலையில் ஜெகதளா ஊருக்கு மேலே தேயிலைக்கு நடுவில் எங்கள் வீடு. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு நான் கொழுந்து பறிக்கப் போனேன். என் வீட்டுக்காரர் ஆறுக்குட்டிக்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் லாரி ஓட்டும் வேலை. ஒரே மகள் மல்லிகாவை அன்னூரில் கட்டிக்கொடுத்தோம். அவள் போன பிறகு வீட்டில் எங்களோடு இருந்தவை கரடி என்ற நாய், சாம்பி என்ற பூனை, பொட்டு என்ற பூனைக்குட்டி. பொட்டு கேரட் மூட்டைகளுக்கு நடுவில் கிடைத்தது. சாம்பி என்னுடையது. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. பேசிய கொஞ்சமும் பெரும்பாலும் சாம்பியிடம்தான்.

அந்தக் கார்த்திகையில் பக்கத்து வீட்டுத் தபித்தாளின் நாயைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விட்டது. மறுநாளே என் வீட்டுக்காரர் கரடியை வீட்டுக்குள் கொண்டுவந்தார். சமையல்கட்டு வாசல்படியில், வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு முளை அடித்துக் கட்டினார். சாம்பி போய்வருவதற்குப் பின்கதவில் இருந்த ஓட்டையையும் பலகை வைத்து அடைத்தார். நாய்க்கும் காவல், வீட்டுக்கும் கதகதப்பு. செய்தது சரி என்றுதான் நானும் நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் சாம்பி வேறு பூனை ஆகிவிட்டது. பொட்டுவின் காதைக் கடித்துக் கிழித்தது. என் வீட்டுக்காரரின் ஸ்வெட்டர்மேல் மூத்திரம் பெய்தது. சமையல்கட்டுக்கு யார் நடந்தாலும் கட்டிலுக்கு அடியிலிருந்து பாய்ந்து குதிகாலைப் பிடித்தது. தூக்கப் போன என் மணிக்கட்டில் நான்கு கோடு போட்டது.

“உங்க வீட்டுக்கு வரணும்னா காலுக்குச் சாக்கு கட்டிட்டுத்தான் வரணும் போலிருக்கு,” என்று தபித்தாள் வாசலிலேயே நின்றுவிடுவாள்.

தை பிறந்ததும் வளைகாப்பு முடித்து மல்லிகாவைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். அதை வைத்துத்தான் என் வீட்டுக்காரர் பேசினார்.

“பச்சக் கொழந்தை வரப்போற ஊடு. மல்லிகா வர்றதுக்குள்ள இது மாறலைன்னா சாக்குல போட்டு லாரியில ஏத்திருவேன். மண்டியில எலி நெறைய கெடக்குது. பொழச்சுக்கும்.”

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு சாக்கையும் கயிற்றையும் மாட்டி வைத்தார். அவர் கொடுமைக்காரர் இல்லை. அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். தைக்கு ஐந்து வாரம் இருந்தது.

சாம்பியைக் கொழுந்துக்கூடையில் வைத்து, மேலே துணி கட்டி, மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் பல், காது, வயிறு எல்லாம் பார்த்தார். கடித்திருக்கிறது என்றதும் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடச் சொன்னார். சாம்பிக்கும் ஒரு ஊசி போட்டார். “உடம்புல நோவு ஒண்ணும் தெரியலைம்மா,” என்றார். எனக்குப் பின்னால் ஆறேழு மாடுகள் நின்றன. நான் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

கேட் வரைக்கும் ஒருவர் பின்னாலேயே வந்தார். காக்கிச் சேலை, மேலே ஆண்பிள்ளை ஸ்வெட்டர். அங்கே அட்டெண்டராக இருந்த வேலாமணி அக்கா. மாட்டைப் பிடிப்பதும் மேசையைக் கழுவுவதும் அவர் வேலை.

“ஏனுங்க அம்மிணி, பூனையப் பத்திச் சொன்னீங்க. ஊட்டப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே?”

நான் கூடைமேல் கட்டியிருந்த துணியை இறுக்கினேன்.

“செரி, ஞாயித்துக்கெழமை வாரேன். டீ மட்டும் போட்டுக் குடுங்க, போதும்.”

அவர் வந்தார். சாம்பியைத் தேடவில்லை, கூப்பிடவில்லை. அறையின் மூலையில் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். ஒரு டீ குடித்து, இன்னொன்று கேட்டார். ஒரு மணி நேரம் பேசவில்லை. பேச்சே இல்லாமல் ஒரு விருந்தாளி இருந்தது எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை இன்றும் சொல்லத் தெரியவில்லை.

கட்டிலுக்கு அடியிலிருந்து சாம்பி தலையை நீட்டியது. சமையல்கட்டைப் பார்த்தது. படியில் படுத்திருந்த கரடி காதை ஆட்டியது. அவ்வளவுதான். சாம்பி உள்ளே போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நீட்டியது, மறுபடியும் உள்ளே போனது. ஐந்து தடவை. நான் தினமும் அந்த வீட்டில்தான் இருந்தேன். எதையும் உற்றுப் பார்க்கிறவள் என்று என்னைச் சொல்வார்கள். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்.

“அதோட சோறு எங்கீங்க?”

“சமையல்கட்டுல.”

“தண்ணி?”

“அங்கதான்.”

“முன்ன எங்க படுக்கும்?”

“வெந்நீர் அடுப்புப் பக்கத்துல.”

அக்கா தலையாட்டினார். பிறகு, ஏதோ சந்தைக்குப் போன கதையைச் சொல்வதுபோல் தன் கதையைச் சொன்னார்.

அவர் கணவரும் அதே ஆஸ்பத்திரியில்தான் அட்டெண்டர். மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அக்காவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது, இரண்டு பெண் குழந்தைகள். கருணை அடிப்படையில் அந்த வேலை கைக்கு வர ஒரு வருடம் ஆனது. அந்த வருடம் முழுக்க அண்ணன் வீட்டில் இருந்தார்.

“எங்க அண்ணி கெட்டவ இல்லீங்க. சமையக்கட்டு வாசல்ல உக்காந்து பீடி சுத்துவா. புள்ளைகளுக்குக் கஞ்சி எடுக்கோணும்னா அவளத் தாண்டித்தான் போகோணும். ஒரு வார்த்தை சொல்ல மாட்டா, நிமுந்து பாப்பா. நான் கஞ்சி எடுக்காமத் திரும்பிருவேன். ஒரு நாளைக்குச் சொம்பத் தூக்கிச் செவுத்துல எறிஞ்சேன். அண்ணன் மவன் நெத்தியில பட்டுருச்சு. எல்லாரும் என்னையத்தான் பாத்தாங்க. அண்ணி எங்க உக்காந்திருக்கான்னு ஒருத்தரும் பாக்கலீங்க.”

சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் எருமையைப் பிடிக்கச் சொன்னார்களாம். அவருக்கு ஆட்டைக் கண்டாலே நடுக்கம். கயிற்றைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். பல வருடம் அவரைக் கண்ணை மூடி எருமை பிடித்தவர் என்றுதான் கேலி செய்தார்களாம். “அன்னைக்குக் கயித்து வழியா அதோட நடுக்கமும் தெரிஞ்சுதுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே பயம். பொறவு எனக்குப் பாதிப் பயம் போயிருச்சு.”

என் வீட்டுக்காரர் வந்ததும் அக்கா நேராக விஷயத்துக்கு வந்தார்.

“நாயி உள்ளயே இருக்கட்டுங்க, சிறுத்தைக்குக் குடுக்கச் சொல்லலே. மொளைய மட்டும் முன்னறைக்கு மாத்துங்க. பூனைக்குத் தரையில எறங்காமப் போறதுக்கு ஒரு வழி வேணும். செவுத்தோரமா பலகை அடிச்சு, மேல சாமான் வெக்கற அட்டாலிக்கு ஏறி, அங்கிருந்து அடுப்புப் பக்கம் எறங்கற மாதிரி.”

“பூனைக்குப் பாலம் கட்ட நான் என்ன பொதுப்பணித் துறையாங்க?”

“கட்டிக் குடுங்க, பெர்மனென்ட் பண்ணிரலாம்.”

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகள் வீட்டில் கிடந்தன. அந்த வாரமே அடித்துக் கொடுத்தார். ஆனால் சாக்கு ஆணியிலேயே இருந்தது.

மற்றதை நான் செய்தேன். மூன்றுக்கும் மூன்று இடத்தில் தட்டு. இரண்டு பூனைக்கும் வெளிக்குப் போக இரண்டு மண் பெட்டி, கூடுதலாக இன்னொன்று. அடிப்பதோ தண்ணீர் தெளிப்பதோ கூடாது என்றார் அக்கா. பழைய கம்பளிக் குல்லாயைச் சாம்பி படுக்கும் இடத்தில் இரண்டு நாள் போட்டு, பிறகு அதைக் கரடிக்கு அருகில் போடச் சொன்னார். கரடி படுக்கும் சாக்குத்துண்டு சாம்பியிடம் வந்தது. வாசம் பழகட்டும், முகம் பிறகு பார்த்துக்கொள்ளட்டும் என்றார். பொட்டுவைத் தனி அறையில் வைத்து, மூடிய கதவின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இரண்டுக்கும் மீன் வைத்தேன்.

இரண்டாவது ஞாயிறு சாம்பி பலகையில் ஏறியது. மூன்றாவது ஞாயிறு அட்டாலியிலிருந்து இறங்கி அடுப்பருகில் படுத்தது. அக்காவுக்கு ஆசை வந்துவிட்டது. “தங்கம்” என்று கையை நீட்டினார். ஒரு நொடியில் அவர் பெருவிரலைச் சாம்பி கடித்துவிட்டது.

என் வீட்டுக்காரர் எழுந்தார். கதவுக்குப் பின்னால் போய்ச் சாக்கை எடுத்தார். தைக்குப் பத்து நாள் இருந்தது. சாம்பி பலகையில் பாய்ந்து மேலே ஏறிவிட்டது. அட்டாலிக்குக் கீழே போய் நின்றேன், அவ்வளவுதான்.

அக்கா சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார். “அது எம் மேல தப்புங்க. நான் நீட்டுனேன், அது வரலே. முப்பது வருசம் இதே வேலையில இருந்தும் அவசரப்பட்டேன். ஊசி போட்டுக்கறேன். என் தப்புக்கு அதச் சாக்குல கட்டுனா ஞாயமுங்களா?”

என் வீட்டுக்காரர் சாக்கைச் சுருட்டினார். பிறகு அதை மாட்டாமல் மூலையில் போட்டார்.

அடுத்த ஞாயிறும் அக்கா வந்தார், விரலில் கட்டோடு. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தை நாலாம் நாள் மல்லிகா வந்தாள். கரடி முன்னறையில் வாலை ஆட்டியது. சாம்பி பலகை வழியே போய் அட்டாலியிலிருந்து அவளைப் பார்த்தது. முதுகு முடி சிலிர்க்கவில்லை. பொட்டு கீழே ஓடியது, சாம்பி ஒரு தடவை சீறிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இன்றுவரை அவை இரண்டும் ஒட்டிப் படுத்ததில்லை. ஒரே வீட்டில் இருக்கின்றன, அது போதும். குழந்தை பிறந்த பிறகு, அக்கா சொன்னபடி, யாராவது பக்கத்தில் இல்லாமல் குழந்தை படுத்த அறைக் கதவைத் திறந்து வைக்கவே இல்லை. என் பேரன் தவழ்ந்து, நடந்து, இப்போது பால்வாடிக்குப் போகிறான். அவன்மேல் ஒரு கீறல் இல்லை.

அந்தச் சாக்கு என்ன ஆனது என்று மாசி மாதத்தில் ஒரு நாள் தேடினேன். அட்டாலியில் நான்காக மடித்து விரித்திருந்தது. அதன்மேல் சாம்பி சுருண்டு கிடந்தது. நான் வைக்கவில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டேன். “பலகை குளுருமில்ல,” என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

விழா முடிந்து எல்லோரும் போன பிறகு அக்கா பந்தலுக்குப் பின்னால் வந்தார். கழுத்தில் இன்னும் மாலை இருந்தது. மைக்கில் பேசாததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கழுவிய டம்ளர்களைக் கவிழ்த்து வைத்தார்.

“பூனை என்ன பண்ணுதுங்க அம்மிணி?”

“தூங்குதுங்க அக்கா.”

“அடுப்புப் பக்கத்துலயா?”

“ஆமாங்க.”

அவர் பெருவிரலில் அந்தத் தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது. தொட்டேன். அக்கா கையை எடுக்கவில்லை.