பதினோரு ஜோடி பூட்ஸ்

போன வாரம் ஒரு ஸ்டிரைக்கைத் தீர்த்து வைத்தேன். சிரிக்காதீர்கள். பேங்க் யூனியனில் கம்ப்யூட்டர் வேண்டாம் என்று கோஷம் போட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம், கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனால் இது வேறு ஸ்டிரைக். கால்பந்து ஸ்டிரைக்!

டீம் முதலாளிக்கும் ஆட்டக்காரர்களுக்கும் தகராறு என்றால் வெளிநாட்டுச் செய்தி என்றுதான் நினைத்திருந்தேன். தச்சநல்லூரிலும் வரும். அங்கே அரிசி மண்டி வைத்திருக்கிற அண்ணாச்சி சொந்தச் செலவில் ஒரு டீம் நடத்துகிறார். பஸ், பனியன், ஆட்டம் முடிந்ததும் புரோட்டா — எதிலும் குறை வைக்க மாட்டார். பூட்ஸ் விஷயத்தில் மட்டும்...

பதினோரு ஜோடி புதுசாக வாங்கினார். வாங்கி, குடோனில் வைத்துப் பூட்டிவிட்டார். மேட்ச் அன்றைக்குக் கொடுப்பார். முடிந்ததும் எண்ணி வாங்கிக்கொள்வார். வாரமெல்லாம் வெறுங்காலில் பிராக்டிஸ், மேட்சுக்கு மட்டும் பூட்ஸ் என்றால் புது பூட்ஸ் சும்மா இருக்குமா? செமிஃபைனலில் ஜெயித்தார்கள்; ஆனால் கடைசிக் கால் மணி நேரம் பாதிப் பேர் நொண்டிக்கொண்டுதான் ஆடினார்கள்.

அடுத்த ஞாயிறு ஏரலில் ஃபைனல். மூன்று வருஷமாகக் கைக்கு எட்டாத கோப்பை. கேப்டன் எசக்கி, லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன், திங்கட்கிழமையே டீமோடு மண்டி வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டான். பூட்ஸை இன்றைக்கே கையில் கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஏரலுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்டிரைக் விவகாரம் தெரிந்த ஆள் என்று அண்ணாச்சி எனக்கு ஆள் அனுப்பினார். அதே நேரத்தில் எசக்கியும் அனுப்பினான். இரண்டு தரப்பும் என்னைத் தேடியது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். பெருமையாக இருந்தது — மறைப்பானேன்?

போனதும் யூனியன் பாணியில் ஒரு சின்ன உரை ஆற்றினேன். ஒருத்தரும் கேட்கவில்லை.

"தெனமும் போட்டா தேஞ்சு போவும்லா வே," என்றார் அண்ணாச்சி. "பூட்ஸ் கடிக்குன்னு சொல்லுதானுவ. கடிக்கதையா கடைக்காரன் விப்பான்?"

எசக்கி பைய எழுந்தான். "அண்ணாச்சி, ஒங்க காலும் என் காலும் ஒரே அளவுதான். போட்டு ஒரு நடை நடந்து பாருங்க. கடிக்கலன்னா நாங்க பேசாம எந்திரிச்சுப் போயிருதோம்."

அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. ரப்பர் செருப்பைத் தவிர வேறு அறியாத காலில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடோனைத் திறந்து எசக்கியின் பூட்ஸை எடுத்து மாட்டினார். மைதானம் வரை நடை. பின்னால் டீம், அதற்குப் பின்னால் மூட்டை தூக்குகிறவர்கள், கடைசியில் நான். போகும்போது ஜோர்தான். திரும்பும்போது பேச்சு குறைந்தது. பாதி வழியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கழற்றினார். குதிகாலில் புளியங்கொட்டை அளவுக்கு இரண்டு கொப்புளம்.

விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பையன்கள் பக்கம் திரும்பினார்.

"இதோடயாலே அம்புட்டு நேரமும் ஓடுனிய?"

குடோன் சாவியை மடியிலிருந்து எடுத்து எசக்கி கையில் கொடுத்தார். நான் போட்ட கோஷம் எதுவும் ஒரு முதலாளியின் குதிகால் வரைக்கும் போனதில்லையே!

ஞாயிற்றுக்கிழமை ஏரலில் ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தோம். (தீர்த்து வைத்தது நானா எசக்கியா என்று கேட்டு எழுதிவிடாதீர்கள்.)

எல்லாம் சுபம் என்றுதானே நினைக்கிறீர்கள்? மறுநாள் காலையிலேயே மறுபடியும் இரண்டு தரப்பிலிருந்தும் ஆள் வந்தது. கோப்பையை ஆளுக்கு ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டுமாம் பையன்களுக்கு. கை பட்டால் கறுத்துப்போகும் என்று அண்ணாச்சி அதைக் குடோனில் வைத்துப் பூட்டிவிட்டார். சாவிதான் எசக்கியிடம் இருக்கிறதே என்கிறீர்களா? பூட்டு புதுசு.

பூட்ஸ் என்றால் காலில் மாட்டிப் பாருங்கள் என்று சொல்லலாம். கோப்பையை எங்கே மாட்டச் சொல்வது?